எண்பது கோட் வார்னிஷ்

படகுத்துறையில் பதினேழாம் எண் இடத்தில் கட்டியிருந்த பாய்மரப் படகு தண்ணீரைத் தொடாமல் ஒரு சாண் உயரத்தில் நின்றது. அது தண்ணீரைத் தொட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. நீர்மட்டம் ஏறினால் கூடவே ஏறும், இறங்கினால் கூடவே இறங்கும். நடுவில் இருக்கும் அந்த ஒரு சாண் மட்டும் மாறாது. படகின் அடிவயிற்றில் ஒட்டியிருந்த சிப்பிகள் காய்ந்து உதிர்ந்துவிட்டன. அதன் நிழலுக்கு மீன்கள் வந்து கூடின. மழை வந்தால் பக்கத்துப் படகுக்காரர்கள் தங்கள் ரப்பர் ஓடங்களை அதன் வயிற்றுக்குக் கீழே தள்ளி ஒதுக்கிக்கொண்டார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். படகுக்கு வெளிப்புறத்தில் இருந்த தேக்குக் கட்டைகளுக்கு, அதாவது இரண்டு பக்கத்து விளிம்புகள், கைப்பிடிகள், உள்ளே இறங்கும் வாசலின் சட்டம், சுக்கான் பிடி எல்லாவற்றுக்கும், பதின்மூன்று வருடத்தில் எண்பது கோட் வார்னிஷ் அடித்தாகிவிட்டது. ஒரு கோட்டுக்கு ஒரு விரல்கடை வீதம் படகு எழும்பியது. தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்த பாகம் அறுபத்தெட்டு விரல்கடை, மிச்சம் பன்னிரண்டு. அளவு சரியாக வந்துவிட்டதால் அதற்கு மேல் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

படகுக்குச் சொந்தக்காரரை எல்லோரும் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது ஒரு தொப்பி. தொப்பியை அவரே வாங்கிக்கொண்டார். வாளிகளுக்கு மூடி செய்யும் கம்பெனியில் மேலாளராக இருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றவர். படகு வாங்கிய வருடம் நான்கு தடவை கடலுக்குப் போனார். முதல் இரண்டு தடவை காற்று இல்லாததால் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் தடவை மிதவையில் மோதினார். நான்காம் தடவை, சொந்தப் படகில் வாந்தி எடுத்துக்கொண்டே, ஒரு மீன்பிடிப் படகால் இழுத்துக்கொண்டு வரப்பட்டார். கரையில் காலை வைத்ததும் அவருக்கு ஒரு தெளிவு பிறந்தது. படகை ஓட்டுவது எவனும் செய்கிற வேலை, படகின் மரத்தைப் பளபளவென்று வைத்திருப்பதுதான் உண்மையான கப்பல் கலை. அன்றிலிருந்து அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார். கழுத்தில் ஒரு தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு படகுத்துறையில் மேலும் கீழும் நடந்து, அடுத்தவர்களின் விளிம்புக் கட்டைகளைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பிரஷ்ஷை மட்டும் அவர் கையால் தொட்டதில்லை.

தொட்டவன் அவருடைய மனைவியின் தம்பி. அவன் ஒரு சவப்பெட்டிக் கடையில் பாலிஷ்காரனாக இருந்தவன். அவன் பாலிஷ் போட்ட பெட்டி ஒன்று குழிக்குள் இறங்க மறுத்துவிட்டது. நாலு பேர் அமுக்கியும் முழங்கால் உயரத்திலேயே நின்றது. கடைசியில் மேலே கல்லை ஏற்றித்தான் மண்ணைத் தள்ளினார்கள். செத்தவரின் வீட்டார் கடையில் வந்து சண்டை போட, முதலாளி அவனைக் கூப்பிட்டு, இவ்வளவு நல்ல வேலை இந்தத் தொழிலுக்கு ஆகாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று அக்கா வீட்டுக்கு வந்தவன் பதின்மூன்று வருடம் இருந்துவிட்டான். கேப்டன் அவனை மச்சான் என்று கூப்பிட்டார். அதைக் கேட்டுக் கேட்டு, படகுத்துறையில் எல்லோருக்கும் அவன் மச்சான் ஆகிவிட்டான். படகுக்காரர்கள் சங்கத்தின் எழுபது வயதுச் செயலாளர் மச்சான் என்றார், டீசல் போடுகிற பெண் மச்சான் என்றாள், கேட்டில் நிற்கிற காவலாளி மச்சான் என்றான். யாரும் உறவு கொண்டாடி அப்படிச் சொல்லவில்லை. அக்கா புருஷன் வீட்டில் தண்டச்சோறு தின்கிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மச்சானுக்கு அவர்கள் பேச்சு உறைக்கவில்லை. அவனுக்கு அவர்கள் எல்லோர் மேலும் இளப்பம்தான். சுத்தம் செய்யாத மரத்தின் மேல் வார்னிஷை ஊற்றிவிட்டு, ஆறு மாதத்தில் தோல் தோலாக உரிந்ததும் டப்பாவைத் திட்டுகிற கூட்டம் அது. டப்பாவைக் குலுக்குவார்கள், வார்னிஷ் முழுக்கக் குமிழி விழும். உச்சி வெயிலில் அடிப்பார்கள், மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுக்கும். அவன் வேலை வேறு மாதிரி. தேக்கில் எண்ணெய் ஊறிக்கொண்டே இருக்கும் என்பதால் முதலில் தின்னர் நனைத்த துணியால் துடைப்பான், துணியில் மஞ்சள் ஏறுவது நிற்கும் வரை. நூற்றிருபதாம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, ரேகை போகும் திசையிலேயே தேய்த்து, இருநூற்றிருபதில் முடிப்பான். வார்னிஷைப் பழைய நைலான் காலுறையில் வடிகட்டித்தான் எடுப்பான். முதல் கோட்டில் பாதிக்குப் பாதி தின்னர். மரம் குடிக்க வேண்டும். அடுத்தடுத்த கோட்டில் தின்னர் குறையும். பனி காய்ந்த பிறகு, காற்று எழும்பும் முன், காலையில் கிடைக்கிற அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் பிரஷ்ஷைத் தொடுவான். ஒரு கோட் காய ஒரு நாள். மறுநாள் திரும்பவும் லேசாகத் தேய்ப்பான், துடைப்பான், அடிப்பான். எங்கேயாவது கயிறு உரசிக் கீறல் விழுந்தால் அன்றைக்கே அதை மூடுவான். ஒரு நாள் விட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி மரம் கறுத்துவிடும். முதல் வருடம் எட்டுக் கோட். அதன் பிறகு வருடத்துக்கு ஆறு. அந்த விளிம்பில் எட்டிப் பார்த்தால் தேனுக்குள் முகம் தெரிகிற மாதிரி இருக்கும்.

மூன்றாம் வருடம்தான் படகு எழும்புவது கண்ணில் பட்டது. தண்ணீர் மட்டத்தில் ஓடிய சிவப்புக் கோடு முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. ஆறாம் வருடம் ஏறுவதற்கு மூன்று படி வைத்த ஸ்டூல் தேவைப்பட்டது, எட்டாம் வருடம் ஏணி. சங்கத்தில் இதைப் பற்றிக் கூட்டம் போட்டு இரண்டு மணி நேரம் பேசினார்கள். படகு என்றால் என்ன என்பதற்குச் சங்கத்தின் விதிகளில் விளக்கம் இல்லை என்று தெரிந்தது; அதனால் விதி மீறப்படவில்லை என்று முடிவு செய்தார்கள். பதினோராம் வருடம் அறுபத்தெட்டாவது கோட் காய்ந்த அன்று, அடியில் இருந்த இரும்புக் கனம் கடைசியாக ஒரு சொட்டுத் தண்ணீரை உதிர்த்துவிட்டு மேலே வந்தது. கேப்டன் அன்று விருந்து கொடுத்தார். இருபது வருடமாகப் படகைக் காற்றிலும் அலையிலும் போட்டு வாட்டியவர்கள் எல்லாம், ஒரு முழம் தூரம்கூட நகராத படகின் சொந்தக்காரருக்குக் கை கொடுத்து, உங்களைப் பார்த்துத்தான் கத்துக்கணும் சார் என்றார்கள். இந்த மினுமினுப்புக்கு என்ன ரகசியம் என்று ஒருவர் கேட்டார். "பொறுமைதான்," என்றார் கேப்டன். மச்சான் அப்போது கண்ணாடி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தான்.

அவனுடைய அக்காவுக்கு இந்தக் கூத்தில் பங்கு இல்லை. முகத்துவாரத்துக்கு எதிர்க்கரையில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. தினமும் காலையில் ஃபெர்ரியில் போய்ச் சாயங்காலம் ஃபெர்ரியில் வருவாள். துருப்பிடித்த, எஞ்சின் இருமுகிற, முப்பது பேர் உட்காருகிற ஃபெர்ரி. வீட்டுக்காரரிடம் முப்பத்திரண்டு அடி நீளப் படகு இருக்கும்போது அவள் மட்டும் கோழிக்கூண்டில் அடைத்த மாதிரி போய்வந்தாள். கல்யாண நாளிலாவது ஒரு தடவை படகில் எதிர்க்கரைக்குக் கொண்டுபோய் விடுங்களேன் என்று ஆரம்பத்தில் கேட்டாள். வார்னிஷ் காயட்டும் என்றார் அவர். அடுத்த வருடமும் கேட்டாள். அடுத்த வருடமும் வார்னிஷ் காய்ந்துகொண்டிருந்தது. அதன் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். படகின் அடி தண்ணீரை விட்டு எழும்பிய விருந்தன்று, டம்ளர் கழுவிய தம்பியின் பக்கத்தில் வந்து நின்று, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"அவரைச் சொல்லி என்ன பண்றது. அவருக்கு வேலை தெரியாது. உனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு படகைப் படகா இருக்க விடாம பண்ணிட்டியேடா."

கழுவிய டம்ளரையே மச்சான் மறுபடி கழுவினான். வேறு யார் சொல்லியிருந்தாலும் உதறிவிட்டுப் போயிருப்பான். உண்மையைச் சொன்னால், படகு தண்ணீரில் போவதில் கேப்டனைவிட அவனுக்குத்தான் விருப்பம் இல்லை. உப்புத் தண்ணீர் தெறித்து, வெயிலில் காய்ந்து, ஒவ்வொரு உப்புப் பரலும் பூதக்கண்ணாடி மாதிரி வார்னிஷைச் சுடுவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவனுக்குப் பாய் கட்டத் தெரியும், காற்றைப் பிடிக்கத் தெரியும். கூட ஓர் ஆள் தேவைப்பட்ட போதெல்லாம் அடுத்தவர்களின் படகுகளில் சும்மா போய் வந்திருக்கிறான். அந்தப் படகுகளில் அவன் காலை உதைத்து ஏறுவான், கயிற்றை இழுத்து எறிவான். பதினேழாம் எண்ணில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவான். கேப்டனை வீண்பெருமைக்காரர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, அவருடைய வீண்பெருமைக்கு அறுபத்தெட்டுக் கோட் போட்டவன் தான்தான் என்பதை அவன் அதுவரை கூட்டிப் பார்த்ததில்லை.

அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். சங்கத்துப் படகுகள் எல்லாம் வருடாந்தரப் போட்டிக்காகக் காலையிலேயே கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருந்தன. மீன்பிடிப் படகுகள் கடலில் இருந்தன. துறையின் மீட்புப் படகைப் புரொப்பெல்லர் பழுது பார்ப்பதற்காகக் கரையில் ஏற்றி வைத்திருந்தார்கள். துறையில் மிஞ்சியிருந்தது பதினேழாம் எண் ஒன்றுதான். அக்காவுக்கு அன்று அரை நாள் வேலை. மதிய ஃபெர்ரியில் திரும்பிக்கொண்டிருந்தாள். முகத்துவாரத்தின் நடுவில் வரும்போது ஃபெர்ரியின் எஞ்சின் இரண்டு தடவை இருமி நின்றுவிட்டது. இறங்கு நீர் ஓடுகிற நேரம். ஃபெர்ரி மெதுவாகத் திரும்பி, பக்கவாட்டில், அலைதடுப்புப் பாறைகளைப் பார்த்து நகர ஆரம்பித்தது. ஃபெர்ரிக்காரர் நங்கூரத்தைப் போட்டார். மக்கிப்போன கயிறு அறுந்து நங்கூரம் மட்டும் அடிக்குப் போய்ச் சேர்ந்தது.

கேப்டன் அப்போது படகின் மேல்தளத்தில் நின்று தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபெர்ரியில் ஜனங்கள் ஒரு பக்கமாகக் கூடுவதையும், யாரோ ஒரு பெண் உயிர்காப்புச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குழந்தைகளுக்கு மாட்டிவிடுவதையும் பார்த்தார். அது தன் மனைவி என்பது அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வேலை செய்கிற நேரத்தில் அவர் அவளைப் பார்த்ததில்லை. செயலாளர் கடலோரக் காவலுக்குப் போன் செய்தார். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். பாறைக்கு ஃபெர்ரி போய்ச் சேர முக்கால் மணி நேரம் போதும் என்று கிரேன் ஓட்டுகிற பெண்மணி சொன்னாள். முப்பது வருடமாக அந்த நீரோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். அவளும் செயலாளரும் கரையில் நின்ற மச்சானும், தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பளபளத்துக்கொண்டிருந்த படகைப் பார்த்தார்கள்.

மச்சான் சுரண்டுகிற தகட்டை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். செருப்பைக் கழற்றவில்லை. கேப்டன் அதைத்தான் முதலில் கவனித்தார். தகட்டைப் பிறகுதான் பார்த்தார்.

"மச்சான், என்ன பண்ணப் போற?"

"படகை இறக்கணும் அத்தான்."

"நாளைக்குப் பத்திரிகையிலேருந்து போட்டோ எடுக்க வர்றாங்கடா."

அந்த வாக்கியத்தைச் செயலாளர் கேட்டார், கிரேன்காரி கேட்டாள், கேட்டில் நின்ற காவலாளியும் கேட்டான். மனைவி பாறையில் மோதப்போகிறாள் என்று தெரிந்தும் இப்படிச் சொன்னாரா என்று பின்னால் பலர் கேட்டார்கள். சொன்னார். அதில் சந்தேகம் ஒன்றும் இல்லை. வாயிலிருந்து விழுந்ததும் அவருக்கே அது உறைத்தது போல முகம் சுண்டிப்போனது என்று காவலாளி சொல்வான். கிரேன்காரி அதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

மச்சான் வலது பக்க விளிம்பின் முனையில் மண்டியிட்டுத் தகட்டை வைத்தான். பதின்மூன்று வருடத்துக் காலைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து, சுண்டுவிரல் கனத்தில் அங்கே படிந்திருந்தன. எந்தக் கோட்டில் ஒரு கொசு விழுந்தது, அதை எந்த ஊசியால் எடுத்தான் என்பதுகூட அவனுக்கு ஞாபகம் இருந்தது. தகட்டை அழுத்தினான். சுரண்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. விளிம்பு கிளம்பியதும் உள்ளே விரலை விட்டு இழுத்தான். ஆரஞ்சுத் தோல் மாதிரி மொத்தமாக உரிந்து வந்தது. முப்பத்திரண்டு அடி நீளத்துக்கு ஒரே பட்டை. கடைசி நுனி மரத்தை விட்டதும் அது அவன் கையை உதறிவிட்டு நேராக மேலே போனது. வெயிலில் தேன் நிறத்தில் நெளிந்து நெளிந்து போய், மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு முடி அளவுக்குச் சிறுத்து, காணாமல் போனது. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க அவனுக்கு நேரம் இல்லை. படகு வலது பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் மரக்கட்டைக்குரிய கனத்தோடு கீழே போக, வார்னிஷ் இருந்த இடது பக்கம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது. உள்ளே சமையல் மேடையில் இருந்த டம்ளர்கள் எல்லாம் உருண்டு உடைந்தன.

கேப்டன் இடது பக்க விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். காப்பாற்றுவதற்காகப் பிடித்தாரா, படகு சாய்ந்ததால் விழாமல் இருக்கப் பிடித்தாரா என்பது தெரியாது. மச்சான் கைப்பிடிகளையும் வாசல் சட்டத்தையும் சுக்கான் பிடியையும் உரித்துவிட்டு அவரிடம் வந்தான்.

"அத்தான், கையை எடுங்க."

அவர் எடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். மச்சான் அவருடைய காதுக்குப் பக்கத்தில் தகட்டைக் கொடுத்துக் கிளப்பினான். இந்தப் பட்டை இன்னும் வேகமாக உரிந்தது, கேப்டனையும் சேர்த்து. முப்பத்திரண்டு அடி வார்னிஷைக் கட்டிப்பிடித்தபடி, தொப்பி கழன்று தண்ணீரில் விழ, தொலைநோக்கி கழுத்தில் ஆட, கேப்டன் மேலே போனார். விளக்குக் கம்பத்தின் உயரத்தைத் தாண்டினார். கனத்த ஆள் என்பதால் அதற்கு மேல் வேகம் எடுக்கவில்லை. காற்று அவரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சங்கக் கட்டடத்தின் கூரை மேல் கொண்டுவிட்டது. அங்கே கையை விட்டார். பட்டை தன் வழியில் போனது. அவர் கூரையின் முகட்டில் கால் பரப்பி உட்கார்ந்தார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் அதே நேரத்தில் படகு பொத்தென்று தண்ணீரில் விழுந்தது. கரையில் நின்ற எல்லோரும் முழங்கால் வரை நனைந்தார்கள்.

கிரேன்காரி கட்டுக் கயிறுகளை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கேட்காமலேயே உள்ளே குதித்தாள். பாய்கள் நான்கே தடவை விரித்தவை, இன்னும் புத்தம் புதியவை மாதிரி இருந்தன. விரித்ததும் காற்றைப் பிடித்து டமாரென்று சத்தம் போட்டன. படகு முதலில் கொஞ்சம் தடுமாறியது. பதின்மூன்று வருடமாக நகராத சுக்கான் கிறீச்சிட்டது. மச்சான் அந்தப் பிடியைக் கையில் வைத்திருந்தான். வார்னிஷ் உரிந்த மரம் சொரசொரவென்று உள்ளங்கையில் நின்றது, வழுக்கவே இல்லை. இருபது நிமிடத்தில் ஃபெர்ரியை எட்டினார்கள். பாறைக்கும் ஃபெர்ரிக்கும் நடுவில் அப்போது நூறு கஜம் இடைவெளி இருந்தது. இவ்வளவு கனத்தை இழுக்கிற திராணி பாய்க்கு இல்லை என்று மச்சானுக்குத் தெரியும். அதனால் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போய், தன் படகின் நங்கூரச் சங்கிலியின் நுனியை ஃபெர்ரியில் கட்டச் சொல்லி எறிந்துவிட்டு, திரும்பி எதிர்த்திசையில் ஓடி, ஆழமான இடத்தில் நங்கூரத்தை இறக்கினான். சங்கிலி விறைத்தது. ஃபெர்ரி உலுக்கி, முனகி, நின்றது. பாறையில் அடித்த நுரை பின்வரிசையில் இருந்தவர்கள் மேல் தெறித்தது, அவ்வளவு பக்கம். ஒட்டிப் போனபோது ஃபெர்ரியின் துருப்பிடித்த விலா இடது பக்கத் தேக்கு விளிம்பில் ஒரு கை நீளத்துக்குச் சிராய்த்துச் சிதைத்துவிட்டது. அந்தச் சத்தம் மச்சானுக்குக் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டான், திரும்பிப் பார்க்கவில்லை.

குழந்தைகளையும் வயதானவர்களையும் முதலில் படகுக்கு மாற்றினார்கள். மிச்சப் பேரைக் காவல் படகு வந்து ஏற்றிக்கொண்டது. சொன்னபடியே ஒன்றரை மணி நேரம். அக்கா கடைசி ஆளாக ஃபெர்ரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உரிந்து, கீறிக்கிடந்த விளிம்பையும், செருப்புக்காலோடு நின்ற தம்பியையும் பார்த்தாள்.

"இப்பவாவது ஏறலாமா?"

"ஏறுக்கா. பாத்து, கையில மரச் சிலாம்பு ஏறிடும்."

அவள் ஏறினாள். துறைக்குப் போகிற வழி முழுக்கப் பாய்க் கயிறு ஒன்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, முகத்தில் தண்ணீர் தெறிக்க, முன்னால் போய் உட்கார்ந்திருந்தாள். மச்சான் அழுதுகொண்டிருந்தான் என்று கிரேன்காரி சொல்கிறாள். வார்னிஷுக்காக அழுதானா அக்காவுக்காக அழுதானா என்று கேட்டால், இரண்டுக்கும்தான் என்கிறாள்.

கேப்டனைச் சாயங்காலம் ஏணி போட்டு இறக்கினார்கள். மீட்பு முழுவதையும் அவர் கூரையிலிருந்து தொலைநோக்கியால் பார்த்திருந்தார். அவ்வளவு தெளிவாக வேறு யாரும் பார்க்கவில்லை. ஆகவே அதைச் சொல்கிற உரிமை தனக்குத்தான் என்று நினைத்தார். ஒரு வாரத்துக்குள் கதையில் அவர் கூரையிலிருந்து கை காட்டி வழி சொல்ல ஆரம்பித்திருந்தார். ஒரு மாதத்துக்குள், உயரத்திலிருந்து நிலைமையைக் கண்காணிக்க வேண்டும் என்றே அவர் வார்னிஷைப் பிடித்துக்கொண்டு மேலே போனதாக ஆயிற்று. சங்கத்தில் பாதிப் பேர் அதை நம்பினார்கள். மறுபாதி நம்பவில்லை, ஆனால் தலையாட்டினார்கள். பத்திரிகைக்காரர்கள் மறுநாள் சொன்ன நேரத்துக்கு வந்து, மொட்டை மரத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்துப் படகைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள்.

வீட்டில் அப்படி நடக்கவில்லை. போட்டோ என்று அவர் சொன்ன வாக்கியம் அக்காவின் காதுக்கு அன்றே வந்துவிட்டது. அவள் சத்தம் போடவில்லை. படகின் சாவியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். அவர் காட்டினார். மறு வாரத்திலிருந்து தம்பியோடு படகில் வேலைக்குப் போய்வந்தாள். நான்கு மாதத்தில் தனியாகவே போக ஆரம்பித்தாள். தேக்குக்கு மச்சான் மறுபடி வார்னிஷ் போடவில்லை. வாரம் ஒரு தடவை உப்புத் தண்ணீரை ஊற்றி மென்மையான பிரஷ்ஷால் குறுக்கே தேய்த்துவிடுவான். அதுவே போதும் என்று கண்டுகொண்டான். மரம் முதலில் திட்டுத்திட்டாகக் கறுத்து, பிறகு வெளிறி, ஒரு வருடத்தில் சாம்பல் நிறத்துக்கு வந்து நின்றது. சங்கத்தில் உச்சுக்கொட்டினார்கள். படகு தண்ணீரில் அறுபத்தெட்டு விரல்கடை அமிழ்ந்து போய்க்கொண்டிருந்தது.

வேலை இல்லாமல் போன கேப்டன் சங்கக் கட்டடத்தின் வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பழைய தேக்குப் பெஞ்சு, சாயம் போனது. ஒரு நாள் ஒரு டப்பா வார்னிஷும் பிரஷ்ஷும் வாங்கிவந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக. டப்பாவை நன்றாகக் குலுக்கி, உச்சி வெயிலில், தூசியைக்கூடத் துடைக்காமல் அடித்தார். குமிழியும் ஈயும் பிரஷ் முடியுமாகக் காய்ந்தது. அதன் மேலேயே உட்கார்ந்து பேண்டைக் கெடுத்துக்கொண்டார். சுரண்டினார். மறுபடி அடித்தார். அது ஒழுகியது. இரண்டு வருடம் இப்படியே ஓடியது, போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை, எட்டியும் பார்க்கவில்லை. ஒரு நாள் காலையில் அவன் படகைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேப்டன் வந்து நின்றார். தொப்பி இல்லை. விரல் நகங்களில் வார்னிஷ் காய்ந்திருந்தது.

"மச்சான், ரெண்டு கோட்டுக்கு நடுவுல என்ன நம்பர் தாள் போடணும்?"

பதினைந்து வருடத்தில் வார்னிஷ் வேலையைப் பற்றி அவர் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அது. மச்சானுக்கு நாக்கு நுனி வரை வந்தது ஒன்று. அதை விழுங்கிவிட்டான்.

"முன்னூத்திருபது," என்றான். "அழுத்தாதீங்க. அது தன்னால வரும்."

அந்த வருடம் பெஞ்சின் இடது பக்கம் இரண்டு விரல்கடை எழும்பியது. வலது பக்கம் எழும்பவில்லை, அங்கே அவர் தேய்த்தது சரியில்லை. அடுத்த வருடம் நான்கு காலும் சமமாகத் தரையை விட்டன. அதிலிருந்து தவறாமல் வருடத்துக்கு ஆறு கோட், சில வருடம் எட்டு. பெஞ்சு போய்விடாமல் இருக்கச் செயலாளர் கயிறு போட்டுத் தூணில் கட்டினார். முதலில் ஸ்டூல், பிறகு ஏணி. கேப்டன் காலையில் ஏறினால் பெரும்பாலும் சாயங்காலம்தான் இறங்குகிறார். பேச்சு குறைந்துவிட்டது, மேலிருந்து பேசினால் கீழே கேட்பதும் இல்லை. அக்கா துறைக்குத் திரும்பியதும் கீழே நின்று, சாப்பாடு மேலே வேண்டுமா, இறங்கி வருகிறீர்களா என்று கேட்பாள். மேலே என்று கை காட்டினால் டிபன் பாத்திரத்தைக் கயிற்றில் கட்டிவிட்டுப் போவாள், வருகிறேன் என்றால் காத்திருப்பாள். ஆரம்பத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு விசாரித்தார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. பெஞ்சு முதல் மாடியின் உயரத்துக்கு வந்துவிட்டது. சங்க அலுவலகத்தின் ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறப்பது; இரண்டு தடவை கேப்டனின் தோளில் இடித்துவிட்டது. ஆகவே ஜன்னலின் உள்பக்கம் இப்போதைய செயலாளர் ஓர் அட்டை எழுதி மாட்டியிருக்கிறார்: மெதுவாகத் திறக்கவும், ஆள் இருக்கிறார்.